இருக்கறதே ஒரு கார், அதுவும் பழைய கன்வெர்ட்டிபிளா? டெய்லி ஓட்டறவங்க சொல்லுங்க

திறந்தவானம்:
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன். இப்ப இருக்கற கார் ஆயுசு முடியப்போகுது. அடுத்து ஒரு செகண்ட் ஹேண்ட் கன்வெர்ட்டிபிள், அதாவது ரூஃபை திறந்து மூடற கார், வாங்கணும்னு ஆசை. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுக்கற ரெண்டாவது வண்டி இல்ல, இது ஒண்ணுதான் வீட்ல இருக்கும். ஆபீசுக்கு பாதி தூரம் ஹைவே, பாதி தூரம் சிக்னல் சிக்னலா நிக்கற ரோடு. 6 வயசு பையன், சில நாள் ஸ்கூல்ல விடணும். ஷெட் கிடையாது, தெருவுலதான் நிக்கும், மேல ஒரு மரம் வேற. பத்து இருபது வருஷம் ஆன வண்டிதான் நம்ம பட்ஜெட்ல வருது. மனசுல இருக்கறது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்சி, ஃபோக்ஸ்வாகன் ஈயோஸ், பிஎம்டபிள்யூ இசட்4 ஈ85 (என்சி, ஈ85ங்கறது அந்த மாடலோட தலைமுறை பேர்). இது மூணுல எது, இல்ல மூணுமே வேண்டாமா? திட்டறதா இருந்தாலும் திட்டுங்க, காரணத்தோட திட்டுங்க.

நடைமுறைவாதி:
வேண்டாம். காரணம் கேட்டீங்க, நீங்களே எழுதிட்டீங்க: தெரு, மரம், பையன், ஒரே கார்.

மூணாவதுகியர்:
வந்துட்டார்யா. தல அவர் சொல்றத கேக்காதீங்க, அவர் வண்டியை வித்துட்டு இன்னும் அந்த வயித்தெரிச்சல்ல இருக்கார். நான் பல வருஷமா ரெண்டு சீட்டர்லதான் ஆபீஸ் போறேன், மழை வெயில் எல்லாத்துலயும். சாயங்காலம் வேலை முடிஞ்சு ரூஃபை பின்னாடி தள்ளிட்டு கிளம்பினா வீட்டுக்கு போறதுக்குள்ள தலைவலி போயிரும். எம்எக்ஸ்-5 எடுங்க, வேற யோசனையே வேண்டாம். 1989ல வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் பத்து லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, அதனால பார்ட்ஸ் கிடைக்கும், ஓட்டினவன் கிடைப்பான், எந்த இடத்துல துரு பிடிக்கும்னு சொல்றதுக்கும் ஆள் இருக்கும்.

நடைமுறைவாதி:
வயித்தெரிச்சல்லாம் இல்ல தம்பி. பையன் எங்க உக்காருவான்?

மூணாவதுகியர்:
முன்னாடி சீட்ல. 6 வயசுதானே.

கிரீஸ்கை:
அந்த கேள்விக்கு கொஞ்சம் நிதானமா பதில் சொல்லணும். முன் சீட்ல குழந்தை உக்காரலாமா, எந்த வயசு, எந்த உயரம்ங்கறது ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு சட்டம், அதை நீங்க பாத்துக்கோங்க. பின்பக்கம் பாத்த மாதிரி வைக்கற கைக்குழந்தை சீட்டை ஏர்பேக் வேலை செய்யற சீட்ல எந்த காலத்துலயும் வைக்கக்கூடாது, உங்க பையன் அந்த வயசை தாண்டிட்டான். பூஸ்டர்ல (குழந்தையை உயரமா உக்கார வைக்கற சீட்டு) வச்சு கார் சீட்டை முடிஞ்ச அளவுக்கு பின்னாடி தள்ளணும். ரெண்டு சீட்டர்ல பின்னாடி தள்ளவே இடம் இருக்காது, அதுதான் சிக்கல். அதோட அவன் வளந்து வீட்ல மூணு பேரா எங்கயாவது போகணும்னா ஒருத்தர் பஸ்ல வரணும். அதனால நாலு சீட்டர் பாருங்க. பின் சீட்டு பெரியவங்களுக்கு தண்டனைதான், குழந்தைக்கு போதும்.

அடுத்தது, நீங்க மாடல் கேக்கறீங்க, நான் வேற சொல்றேன். டெய்லி காரா வாங்கறவங்க ரூஃபை திறந்து ஓட்டிப் பாத்துட்டு மயங்கிட்டு வருவாங்க. வருஷத்துல பெரும்பாலான நேரம் அந்த வண்டி மூடிதான் ஓடப்போகுது. மழை, உச்சி வெயில், குளிரு, ஹைவே, புகை, எல்லாத்துக்கும் மூடணும். அதனால டெஸ்ட் டிரைவ் முதல்ல மூடி வச்சு. 80, 100ல போகும்போது பக்கத்துல இருக்கறவர்கிட்ட சாதாரண குரல்ல பேச முடியுதா, லேன் மாறும்போது தோளுக்கு மேல திரும்பினா என்ன தெரியுது, ரிவர்ஸ்ல பின் கண்ணாடி வழியா என்ன தெரியுது, கண்ணாடி விளிம்புல காத்து சீட்டி அடிக்குதா. மூடின நிலைல அந்த கார் பிடிச்சிருந்தா மட்டும் திறந்து பாருங்க. மூடினப்ப பிடிக்கலைன்னா திறக்கவே வேண்டாம், திறந்தா வாங்கிருவீங்க.

சும்மாவந்தேன்:
"திறந்தா வாங்கிருவீங்க" 😂 இதை பிரிண்ட் எடுத்து ஷோரூம் வாசல்ல ஒட்டணும்

ராத்திரிப்பயணி:
கிரீஸ்கை அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. நான் துணி டாப் நாலு சீட்டர் வச்சிருக்கேன், எனக்கும் ஒரே கார்தான், தெருவுலதான் நிக்குது. யாரும் சொல்லாத சில விஷயம் சொல்றேன். ஹைவேல திறந்து போறது வெளிய இருந்து பாக்கத்தான் ஸ்டைல், உள்ள இருக்கறவங்களுக்கு சத்தம் தாங்காது. தொழிற்சாலைல வேலை பாக்கறவங்களுக்கு அமெரிக்காவோட வேலையிட பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு நியோஷ் சொல்ற அளவு 85 டெசிபெல்னா 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும், அதாவது 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. திறந்த கார்ல நல்ல வேகத்துல போனா அந்த எண்களை தொடறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. நான் ஹைவேல ஏறினா மூடிருவேன், இறங்கி சின்ன ரோடு வந்ததும் திறப்பேன். ஜன்னல் நாலையும் ஏத்தி வச்சு சீட்டுக்கு பின்னாடி வலை மாதிரி ஒரு விண்ட் டிஃப்ளெக்டர் போட்டா பாதி தொல்லை குறையும். ஆனா நாலு சீட்டர்ல அதை மாட்டினா பின் சீட்ல ஆள் உக்கார முடியாது, பையன் வர்ற நாள்ல கழட்டி டிக்கில போடணும்.

வெயில் சும்மா விடாது, நெத்தியும் முன்கையும் கருத்துப்போகும், கிரீம் தடவாம கிளம்பறதில்ல. நீள முடி இருக்கறவங்க கட்டிக்கோங்க. கார்ல பை, லேப்டாப், சில்லறைகூட வச்சுட்டு போகாதீங்க, துணி டாப்பை கிழிக்க ஒரு கத்தி போதும். உள்ள திருட ஒண்ணும் இல்லாதப்ப கதவை பூட்டாமலே விடற ஆளுங்க இருக்காங்க, கிழிச்ச டாப்பை மாத்தறத விட அது மேல்னு. அப்படி விட்டா இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்குவாங்களான்னு முதல்ல பாலிசியை படிங்க.

திறந்தவானம்:
அக்கா ரொம்ப நன்றி. சத்தம் பத்தி நான் யோசிக்கவே இல்ல. அப்ப மடக்கற இரும்பு ரூஃப் இருக்கறதா பாத்தா சத்தம், கத்தி ரெண்டு கவலையும் போயிருமே? அதான் ஈயோஸ் கேட்டேன், நாலு சீட்டும் இருக்கு.

நடைமுறைவாதி:
அந்த கவலை போயி வேற கவலை வரும். நான் வச்சிருந்தது மடக்கற ஹார்ட் டாப்தான், என்ன கம்பெனின்னு சொல்ல வேண்டாம். ஒரு நாள் பாதி மடங்கி நின்னுருச்சு, டிக்கி மூடி வானத்தை பாத்துட்டு நிக்குது, மேல மேகம் கட்டுது. வண்டியை நகத்தவும் முடியாது, விட்டுட்டு போகவும் முடியாது. கடைசில பாத்தா, ரூஃப் எந்த நிலைல இருக்குன்னு சொல்ற ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச் கெட்டிருக்கு. அதைக் கண்டுபிடிக்கறதுக்கு ஆன கூலிதான் வலிச்சது, ஸ்விட்ச் விலை ஒண்ணுமே இல்ல.

கிரீஸ்கை:
இரும்பு ரூஃப் மூடினா கிட்டத்தட்ட சாதாரண கார்தான், அது நிஜம். ஆனா மடக்கினா டிக்கிக்குள்ளதான் வந்து படுக்கும். ஈயோஸ்ல மூடி இருந்தா டிக்கி 380 லிட்டர், திறந்தா 205. அந்த ரூஃப் அஞ்சு துண்டு, அதுக்குள்ளயே ஒரு சன்ரூஃப் வேற, 2006ல வந்தப்ப பெரிய அதிசயமா பாத்தாங்க. துண்டு ஜாஸ்தின்னா நடுவுல ரப்பர் சீலும் ஜாஸ்தி, காஞ்சுபோனா ஒழுகும். அந்த சீலுக்குன்னு இருக்கற கிரீஸை காலாகாலத்துல தடவிட்டே இருக்கணும், பழைய ஓனர் தடவினாரான்னு கேளுங்க, முழிச்சார்னா தடவலை. வோல்வோ சி70 ரெண்டாவது தலைமுறை மூணு துண்டு, அதுவும் நாலு சீட்டர், அதையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க. மடக்கற ரூஃப்ல டிக்கி இடம் போகாம செஞ்சது எம்எக்ஸ்-5 என்சியோட பவர் ஹார்ட் டாப்தான், திறந்தாலும் மூடினாலும் அதே 150 லிட்டர், ஆனா ரெண்டே சீட்டு.

இது ஏதோ நேத்து வந்த ஐடியான்னு நினைக்காதீங்க, ஃபோர்டு 1957ல இருந்து 1959 வரைக்கும் ஸ்கைலைனர்னு ஒண்ணு வித்தாங்க, முழு இரும்பு ரூஃபும் மோட்டார்லயே மடங்கி டிக்கிக்குள்ள போகும். மூணே வருஷத்துல நிறுத்திட்டாங்க.

மூணாவதுகியர்:
ஹார்ட் டாப் ஆளுங்களுக்கு ஒண்ணு கேக்கறேன், மேல அவ்ளோ கனத்தை ஏத்திட்டு வளைவுல திரும்பறதுக்கு எதுக்கு கன்வெர்ட்டிபிள்? முதல் எம்எக்ஸ்-5 ஒரு டன் கூட கிடையாது. துணி டாப்பை சிக்னல்ல நிக்கும்போதே உக்காந்த இடத்துல இருந்து ஒரு கையால தூக்கி பின்னாடி போட்டுருவேன், மோட்டார் இல்ல, ஹைட்ராலிக் இல்ல, மைக்ரோ ஸ்விட்ச் இல்ல. கெட்டுப்போறதுக்கு என்ன இருக்கு?

கிரீஸ்கை:
அதுல ஞாயம் இருக்கு. பழைய வண்டில கையால மடக்கற டாப் பெரிய வரம். மோட்டார் ஆனா ஆயில் பைப், பம்ப், சிலிண்டர், டிக்கி கீல் பக்கம் வளைஞ்சு வளைஞ்சு அறுந்துபோற வயர் எல்லாம் வரும். மெர்சிடிஸ் சிஎல்கே ஏ208ல ரூஃபை பூட்டற சிலிண்டர் கண்ணாடிக்கு மேல விளிம்புலயே இருக்கு, அது கசிஞ்சா பச்சை ஆயில் நேரா டிரைவர் தலைல சொட்டும், பச்சைக் குளியல்னே அந்த வண்டிக்காரங்க பேர் வச்சிருக்காங்க.

சும்மாவந்தேன்:
எண்ணெய் தேச்சு குளிக்க தனியா காசு குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க

திறந்தவானம்:
😅 சரி, இசட்4 பத்தி யாரும் சொல்லலையே? அதோட "ஒழுகாது, கேரண்டி"ன்னு ஒரு விக்கறவர் அடிச்சு சொல்றார், அதை எப்படி செக் பண்றது?

கிரீஸ்கை:
ஒழுகாதுன்னு சொல்றவர்கிட்ட வாதாடாதீங்க. தண்ணி உள்ள வருதாங்கறதை விட வந்த தண்ணி வெளிய போகுதாங்கறதுதான் பெரிய கேள்வி. துணி டாப்போட ஓரத்துல தண்ணி இறங்கத்தான் செய்யும், அதைப் பிடிச்சு கீழ விடறதுக்கு டாப் மடங்கற குழில ரெண்டு பக்கமும் டிரெயின் ஓட்டை வச்சிருப்பாங்க. மொட்டைமாடில தண்ணி போற ஓட்டையை இலை அடைச்சா என்ன ஆகும், அதேதான். உங்க தெருவுல மரம் இருக்குன்னு சொன்னப்பவே எனக்கு இதுதான் தோணுச்சு.

அடைச்சா என்ன ஆகும்னு சொல்றேன். நீங்க கேட்ட இசட்4 ஈ85ல ரூஃப் ஹைட்ராலிக் மோட்டார் அந்த குழியோட அடிமூலைல உக்காந்திருக்கு, டிரெயின் அடைச்சா மோட்டார் முங்கி செத்துரும், அதனாலயே நிறைய பேர் மோட்டாரை டிக்கிக்கு இடம் மாத்தி வச்சுக்கறாங்க. போர்ஷே பாக்ஸ்டர் 986ல இம்மொபிலைசர் பெட்டி (சரியான சாவி இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்கறது) சீட்டுக்கு அடில தரையோட இருக்கு, கார்ப்பெட்ல தண்ணி நின்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. எம்எக்ஸ்-5ல தண்ணி சீட்டுக்கு பின்னாடி இருந்து சில்லுக்குள்ள (கதவுக்கு கீழ நீளமா போற பாடி பகுதி) இறங்கும், வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள இருந்து துரு தின்னுட்டு வரும், பின் சக்கரத்துக்கு முன்னாடி சில் முடியற இடத்துல பெயிண்ட் கொப்புளம் தெரிஞ்சா உள்ள எவ்ளோ போயிருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ரூஃப் இல்லாத வண்டிக்கு சில்தான் முதுகெலும்பு, விறைப்பு எல்லாம் அங்கதான் வச்சிருக்காங்க, அங்க துருன்னா எந்திரிச்சு வந்துருங்க.

செக் பண்றது எப்படின்னா, முதல்ல கதவை திறந்ததும் மூக்கு. பூஞ்சை வாசம் வந்தாலும் சந்தேகம், கார் முழுக்க சென்ட் அடிச்சு வச்சிருந்தா அதைவிட பெரிய சந்தேகம். சீட்டை முன்னாடி தள்ளிட்டு பின்னாடி கார்ப்பெட் ஓரத்தை தூக்கி அடில இருக்கற ஃபோமை விரலால அமுக்குங்க, மேல காஞ்சிருக்கும், அடில ஊறியிருக்கும். டிக்கில ஸ்டெப்னி குழி. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, அடிப்பக்கம் கறையோ பச்சையோ இருந்தா தண்ணி நின்ன வண்டி. அப்பறம் அனுமதி கேட்டு ரெண்டு பாட்டில் தண்ணியை டிரெயின் ஓட்டைல மெதுவா ஊத்துங்க, வண்டிக்கு அடில சட்டுனு வெளிய வரணும். ஊத்த விடமாட்டேன்னு சொன்னா அதுவே பதில்.

ராத்திரிப்பயணி:
துணி டாப் பாக்கறீங்கன்னா பின் கண்ணாடியும் பாருங்க. பழைய வண்டில பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும், மங்கி மஞ்சளாகி ராத்திரில பின்னாடி வர்ற வண்டி லைட் பட்டா ஒண்ணும் தெரியாது, குளிர்ல மடக்கினா விரிசல் விடும். எம்எக்ஸ்-5ல 1998ல வந்த என்பி மாடல்ல இருந்து கண்ணாடி வந்துருச்சு, பாக்ஸ்டர்ல 2003 மாடல்ல இருந்து. கண்ணாடியா இருந்தா அதுக்கும் துணிக்கும் நடுவுல இருக்கற பசையை பாருங்க, வயசானா விட்டுப்போகும், ஒட்டவச்சாலும் ரொம்ப நாள் நிக்கறதில்ல. மடிப்பு விழற இடத்துல துணி தேஞ்சு வெளிச்சம் தெரியுதான்னு உள்ள உக்காந்து மேல பாருங்க. பழைய வண்டிக்கு புது டாப் போடற செலவு வண்டி விலைல நல்ல பங்கு வந்துரும், அதை பேரத்துல கழிச்சுக்கணும்.

மூணாவதுகியர்:
மழைக்காலத்துலயோ குளிர்லயோ வாங்குங்க தல. வெயில் இதமா வந்ததும் எல்லாருக்கும் ஆசை வந்து விலை ஏறிரும். மழைல பாத்தா ஒழுகலும் இலவசமா தெரிஞ்சுரும்.

(சில வாரம் கழிச்சு)

திறந்தவானம்:
வந்துட்டேன். ரெண்டு வண்டி பாத்தேன். மாடல் பேர் சொல்லலை, விக்கறவங்க இங்கயே இருந்தாலும் இருப்பாங்க. முதல் வண்டி போட்டோல ராஜா. நேர்ல போனா ரூஃப் ஏற்கனவே திறந்து வச்சிருந்தார், எஞ்சின் சூடா இருந்துச்சு. மூடிக் காட்டுங்கன்னு சொன்னேன், மூடுச்சு. மறுபடி திறங்கன்னேன், திறந்துச்சு. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவைன்னதும் பாதில மூச்சு வாங்கி நின்னுருச்சு. பேட்டரி வீக், வேற ஒண்ணுமில்லன்னார். ஸ்டெப்னி குழில துணி போட்டு துடைச்ச தடம் இருந்துச்சு. டயர்ல நாலு எண் பாத்தேன், கடைசி ரெண்டும் 12, அதாவது 2012ல செஞ்ச டயர், ரெண்டாயிரத்தி சொச்சம் கிலோமீட்டர் முன்னாடிதான் மாத்தினேன்னு சொல்றார். வந்துட்டேன்.

ரெண்டாவது, நாலு சீட்டர், துணி டாப், மோட்டார் வச்சது. உள்ள காஞ்சிருக்கு, தண்ணி ஊத்தினேன், ரெண்டு பக்கமும் உடனே வந்துச்சு. மூடி ஓட்டினேன், பேச முடியுது. ஒரே சந்தேகம், மேடு பள்ளத்துல போனா ஸ்டீயரிங்கும் முன் கண்ணாடி ஃப்ரேமும் லேசா நடுங்குது, நடு கண்ணாடில பின்னாடி வண்டி ஆடுது. ஆக்சிடெண்ட் ஆன வண்டியா?

கிரீஸ்கை:
பேட்டரி வீக்கா இருந்தாலும் ரூஃப் பாதில நிக்கும், அது உண்மைதான், ஆனா விக்க வந்தவர் ஒரு பேட்டரி கூட மாத்தலைன்னா மத்தது எப்படி இருக்கும்? வந்தது சரி.

நடுக்கம் நாலு சீட்டர்ல சகஜம். மூடின காரை எடுத்து ரூஃபை வெட்டி செஞ்சது, எவ்ளோ இரும்பு சேத்தாலும் அந்த விறைப்பு திரும்ப வராது. அந்த இரும்பாலதான் அதே மாடலோட மூடின காரை விட இது கனமாவும் இருக்கும், பெட்ரோலும் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும். ஒரே மாடல்ல இன்னொரு வண்டி கிடைச்சா அதே ரோட்ல ஓட்டிப் பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி நடுங்கினா பிறவிக் குணம். இது மட்டும் ஜாஸ்தின்னா சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர், டயர் காத்து, அதுவும் சரியா இருந்தா அடிபட்ட வண்டி. கதவு இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. ஒரு சக்கரத்தை மட்டும் நடைமேடைல ஏத்தி நிறுத்தி கதவை திறந்து மூடிப் பாருங்க, உரசக்கூடாது.

நடைமுறைவாதி:
ரோல் ஓவர் பாதுகாப்பு, அதாவது வண்டி கவுந்தா தலையை காக்கறது, என்ன? பின்னாடி வளையம் நிரந்தரமா நிக்குதா, இல்ல கவுந்தா துள்ளி வர்றதா?

திறந்தவானம்:
துள்ளி வர்றதுன்னு சொன்னார்.

நடைமுறைவாதி:
1989ல மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129ல முதல்ல வந்த ஐடியா அது, நல்லதுதான். டேஷ்போர்டுல அதுக்கான எச்சரிக்கை லைட் சாவி திருப்பினதும் எரிஞ்சு அணையுதான்னு பாருங்க. எரியவே இல்லன்னா பல்பை யாரோ பிடுங்கியிருக்காங்க. பையனை வச்சு ஓட்டப்போறீங்க, அதான் சொல்றேன்.

திறந்தவானம்:
எரிஞ்சு அணையுது, கதவும் உரசலை. அதே மாடல் இன்னொண்ணு தெரிஞ்சவர்கிட்ட இருந்துச்சு, அதுவும் இதே அளவு ஆடுது. வாங்கியாச்சு!! இன்னிக்கு பையன் பின் சீட்ல, அவனுக்கு வானத்துல பறவை பாக்கறதே வேலையா போச்சு. இப்ப முதல் வேலை என்ன பண்ணணும்? மரம் அங்கயேதான் இருக்கு.

ராத்திரிப்பயணி:
வாழ்த்துகள்! பிரஷ் சுத்தற மெஷின் வாஷ்ல விடாதீங்க. மென்மையான பிரஷ்ஷால இழை போற திசைல கழுவி, நல்லா காயவிட்டு, துணி டாப்புக்கு போடற வாட்டர் ப்ரூஃப் ஸ்ப்ரே அடிங்க, தண்ணி முத்து முத்தா நிக்காம ஊறுதுன்னா மறுபடி அடிக்கற நேரம். ஈரமா மடக்காதீங்க, வழில மழைல மூடினீங்கன்னா வீட்டுக்கு வந்து மூடினபடியே காய விடுங்க. பறவை எச்சத்தை அன்னிக்கே கழுவிருங்க. கவர் போடறதா இருந்தா காத்து போற கவர், பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், உள்ள வேர்த்து பூஞ்சை பிடிக்கும்.

கிரீஸ்கை:
இலை உதிர்ற காலத்துல வாரா வாரம், மத்த நேரம் மாசத்துக்கு ஒரு தடவை டிரெயினை பாருங்க. புல் வெட்டற மெஷின்ல போடற நைலான் நரம்பு இருக்கு இல்ல, அதை நுனியை மழுங்கலாக்கி மெதுவா விட்டு குத்துங்க. கம்ப்ரஸர் காத்து அடிக்காதீங்க, உள்ள ட்யூப் ஜாயிண்ட் கழண்டுக்கும், அப்பறம் தண்ணி எங்க போகுதுன்னே தெரியாது. ரப்பருக்கு மேனுவல்ல சொன்ன கிரீஸ் மட்டும், பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பர் ஊதிரும். ரூஃப் இயக்கும்போது எஞ்சின் ஓடட்டும்.

நடைமுறைவாதி:
ரூஃபுக்கு கரண்ட் வரலைன்னா கையால மூடறதுக்கு ஒரு ஹெக்ஸ் சாவி வரும், டிக்கில டூல் பையில இருக்கும். இருக்கா?

திறந்தவானம்:
இருங்க பாக்கறேன்... ஜாக் இருக்கு, வீல் ஸ்பேனர் இருக்கு, இழுக்கற கொக்கி இருக்கு. அது மட்டும் இல்ல. விக்கறவருக்கு போன் போடறேன்.

சும்மாவந்தேன்:
அவர் எடுக்கறாரான்னு சொல்லுங்க 🙂